சர்வரில் துண்டு போட்டவர்கள்

ஆய்வகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலை, கல்யாண வீட்டில் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பது மாதிரி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒரு கரண்டி காணாமல் போனால் மண்டபத்துக்கே உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

வீட்டில் வைஃபை நின்றால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுகிறார்களா? மாடி வீட்டு அக்கா போனை நீட்டி, இதைக் கொஞ்சம் பாரேன் என்கிறாரா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. உட்காருங்கள், சொல்கிறேன்.

நான் ராஜபாளையத்துக் குடும்பத் தலைவி. கான்வென்ட் படிப்பு, எம்.சி.ஏ., அப்புறம் இருபது வருஷம் அடுப்படி. மகன் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஶ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வகத்தில் சிஸ்டம் பார்க்க ஒரு வருஷ ஒப்பந்தத்தில் ஆள் தேவை என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள், நான் இன்னும் அவர்கள் முகத்தில் விழிக்கவேண்டியிருக்கிறது.

பதினெட்டு டிகிரி

எங்கள் சர்வர் என்பது இரும்பு அலமாரிக்குள் அடுக்கிய நாலைந்து பெட்டிகள். மலையில் பெய்கிற மழை எந்த ஓடை வழியாக, எத்தனை மணி நேரத்தில் அணைக்கு வந்து சேரும் என்று நாள் கணக்கில் ஓயாமல் கணக்குப் போடும். சூடு மட்டும் தாங்காது. அதனால் அந்தக் கட்டடத்தில் ராத்திரி பகலாக ஏசி ஓடுகிற ஒரே அறை அதனுடையது.

சேர்ந்தது மே மாதம். மூன்றாம் நாளே சர்வர் கீச் கீச்சென்று அலறியது. போய்ப் பார்த்தால், சூடான காற்று வெளியேறுகிற ஓட்டைகளை அடைத்துக்கொண்டு ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. உள்ளே இட்லி மாவு. அட்டெண்டர் காளியப்பன் அண்ணனுடையது. காலையில் அரைத்து வாங்கி, வெயிலில் புளிக்காமல் இருக்க இங்கே வைத்து, சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போவாராம். பல வருஷப் பழக்கம். இது பொங்கி வழிந்து மிஷினுக்குள் இறங்கினால் யார் பொறுப்பு என்று நான் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினெட்டு டிகிரில மாவு எப்படி மேடம் பொங்கும்? நீங்க வீட்ல இட்லி அவிக்கிறதில்லையா?"

மழையைக் காணோம்

முத்துலட்சுமி எங்கள் ஆய்வு மாணவி. கான்சாபுரத்துக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிளவக்கல் அணைக்கு வருகிற தண்ணீரைப் பற்றி ஏழு வருஷமாக ஆராய்ச்சி. நீட்டிப்பு எல்லாம் வாங்கி முடித்தாயிற்று. இந்த டிசம்பருக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருஷமும் தண்ணீரில்.

அவளுக்காகப் பிளவக்கல் பக்கம் ஒரு மாந்தோப்பில் மழைமானி வைத்திருந்தோம். அது மழையை அளந்து, சிம் கார்டு வழியாக எங்களுக்கு அனுப்பும். கார்த்திகையில் பக்கத்து வத்திராயிருப்பே மிதக்கிறது, எங்கள் திரையில் மூன்று வாரமாகச் சைபர். தோப்புக் காவலரிடம் சிம்மை மாற்றச் சொன்னேன், பேட்டரியை மாற்றச் சொன்னேன், விற்றவனைப் போனில் ஒரு பிடி பிடித்தேன். கடைசியில் முத்துலட்சுமியைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். மழைமானியின் தலையில் ஒரு பெரிய அண்டா கவிழ்ந்திருந்தது. பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்.

முத்துலட்சுமி ஓடிப்போய்க் கல்லை எடுத்தாள். நான் நாக்கைத் தீட்டிக்கொண்டு தோப்புக் காவலர் மாடசாமி அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"விலை கூடுன சாமான், பத்திரம், அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நீங்கதானே போன்ல மூணு தடவை சொன்னீக? அதான் ஒரு சொட்டு விழ விடலை."

எட்டு இடம்

சொன்னது நான்தான். அதனால் இனி இது முத்துலட்சுமியின் கஷ்டம் மட்டும் இல்லை.

அணையில் கையால் எழுதிவைத்த மழை நோட்டு இருந்தது. அவள் போய் உட்கார்ந்து மூன்று வாரத்து மழையையும் நாள்வாரியாக எழுதி எடுத்து வந்தாள். ஆனால் கணக்கை முதலிலிருந்து ஓட்டவேண்டும். எங்கள் சர்வரில் மொத்தம் எட்டு இடம்; பஸ் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கணக்குக்கு ஆறு இடம், ஒன்பது நாள் வேண்டும். கையில் இருந்தது பன்னிரண்டு நாள். தாராளம் என்று சொல்லித் திரையைத் திறந்தேன். எட்டும் நிரம்பியிருந்தது.

எனக்கு இந்த மாதிரி சமயத்தில் மூக்கு வேர்க்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டில்தான் நிஜமான வேலை. மீதி ஆறிலும் இரண்டே வரியில் ஒரு புரோகிராம்; நிமிஷத்துக்கு ஒருமுறை கண் விழிக்கும், திரும்பத் தூங்கும், அவ்வளவுதான். அதில் நாலு இடம், சுதாகர் என்கிற ஆய்வு மாணவனும் அவன் சிநேகிதர்களும் பிடித்தவை. கணக்கு தயாராக இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம், அதுவரை இடம் போய்விடக் கூடாதாம். சுதாகர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை.

"பஸ்ஸுல துண்டு போட்டா சீட்டு நம்மளுதுன்னு ஊரே ஒத்துக்கிடுது மேடம். இங்க மட்டும் என்ன புதுச் சட்டம்?"

பைக்குத் தாகம் எடுக்காது

எங்கள் கான்வென்டில் தண்ணீர்க் குழாய்க்கு வரிசை உண்டு. பிள்ளைகள் நாங்கள் எங்களுக்குப் பதில் புத்தகப் பையை வரிசையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவோம். மதர் சுப்பீரியர் வருவார், பைகளை எடுத்துச் சுவரோரம் வரிசையாக வைப்பார், பைக்குத் தாகம் எடுக்காது என்று ஒரே ஒரு தடவை சொல்வார். அவருக்கு இரண்டாம் தடவை சொல்லிப் பழக்கமில்லை, எனக்கும் இல்லை. பதினோரு மணிக்கு, வேலை ஓடாத இடம் எடுக்கப்படும் என்று அறிவிப்பு ஒட்டினேன். பதினொன்றே காலுக்கு நாலு துண்டுகளையும் எடுத்தேன்.

மிச்சம் இரண்டு. யாருடையது என்று பார்த்தால், துறைத் தலைவருடையது. டெல்லியிலிருந்து ஏதோ திட்டம் வரலாம் என்று நாலு மாதம் முன்பே போட்டுவைத்தாராம். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். அதனால் வாசலில் செத்த நேரம் நின்றேன், மறைக்கவில்லை.

உள்ளே போனதும், மாதக் கடைசி வரை பொறுங்களேன் என்றார். மாதக் கடைசியில் முத்துலட்சுமி இங்கே மாணவியாக இருக்கமாட்டாள் என்றேன். அண்டா கதையைச் சொன்னேன். பத்திரம் பத்திரம் என்று மூன்று தடவை சொன்ன வாய் இதுதான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். டெல்லி எப்போது வரும் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அது வேலை செய்தது.

"எடுத்துருங்கம்மா. ஆனா நானும் போட்டிருந்தேன்னு அந்தப் பையன்ககிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

ஒன்பது நாளும் அதற்குப் பிறகும்

முத்துலட்சுமியின் கணக்கு ஓடத் தொடங்கியது. ஆறாம் நாள் மாதாந்திர மின்தடை. ஜெனரேட்டர் பாதிச் சுமைதான் தாங்கும் என்பதால் கட்டடத்தில் ஒரு ஃபேன் விடாமல் நிறுத்தினேன். துறைத் தலைவர் ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காளியப்பன் அண்ணன் காலையிலிருந்து ஜெனரேட்டரை விட்டு நகரவில்லை. சர்வர் அறைக்குப் பாரம் வேண்டாம் என்று அன்றைக்கு மாவையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாராம். மாவுக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் கணக்கு முடிந்தது. மிச்சப் பக்கங்களை எழுதி, பைண்ட் பண்ணி, கடைசி நாள் மத்தியானம் ஒப்படைத்தாள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை திரையைத் திறந்தேன். ஒழுங்காக வேலை நடக்கிற இடங்கள், காலி இடங்கள், பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு புரோகிராம் நிமிஷத்துக்கு ஒருமுறை கண் விழித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சுதாகர்தான் என்று எழுந்தேன். பெயரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். முத்துலட்சுமி. போன் போட்டேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க நாத்தனா வார ஜூன்ல அங்க சேரப் போறா. அவளுக்கு ஒரே ஒரு இடம் போட்டு வச்சிருக்கேன்."

அந்தத் துண்டையும் தயவு பார்க்காமல் எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். சாயங்காலம் ராஜபாளையம் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக என் குடையை முதல் ஆளாக உள்ளே போட்டேன் என்பது வேறு விஷயம்.