பாட்டுக்கு முன்னால் வாசித்த பெயர்கள்

தொடர்பாடல் பாட விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "வீட்டுக்குள் இருந்த பெண்களின் பெயர்களை வானொலி வெளியே கொண்டுபோனது" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பேனா அங்கேயே நின்றது.

எங்கள் ஊர் நாவுலயில் வாப்பாவின் கடையில் ஒரு பெரிய வானொலி இருந்தது. சூடேறினால் தூசி கருகும் மணம் வரும். பின்னேரங்களில் அது பாட்டுப் போடச் சொல்லி எழுதியவர்களின் பெயர்களை வாசிக்கும்போது கடைத்தெருவே காதைத் தீட்டிக்கொள்ளும்.

எனக்குப் பத்து வயது. எனக்கு மூத்தவளான ராத்தா தன் சிவப்பு ரிப்பனைத் தர மறுத்தாள். அந்த ஆத்திரத்தில் ஒரு காதல் பாட்டைப் போடச் சொல்லி வானொலிக்கு அஞ்சலட்டை எழுதினேன். அவள் பெயருக்குப் பக்கத்தில், அவள் ஒருநாளும் பேசியிராத தையல்கடை பரீதின் பெயரையும் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து, "நாவுலயிலிருந்து ஜெசீமா, பரீத்" என்றது வானொலி. பாட்டு முடியுமுன் வாப்பா கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நான் எழுதல்ல வாப்பா" என்றாள் ராத்தா.

வாப்பா என் பக்கம் திரும்பினார். "அவ எழுதினத நீ கண்டியா?"

"ஓ வாப்பா, கண்டேன்."

ராத்தா என்னைப் பார்த்தாள். மறுநாளே அவளுடைய பள்ளிக்கூடப் படிப்பு நின்றது. நோன்பு வருவதற்குள், மனைவியை இழந்த, வாப்பா வயதுள்ள ஒருவருக்கு அவளை நிகாஹ் செய்து கொடுத்தார்கள். போகும்போது அந்த ரிப்பனை என் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதைக் கட்டிக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

மாணவி எழுதியது சரிதான். முழுப் புள்ளி போட்டேன்.