மோட்டார் கேட்ட ஒப்புதல்

கைப்பேசி வழியே மோட்டாரை இயக்கும் பெட்டியை எவரும் வற்புறுத்தி நான் வாங்கவில்லை. மன்னார்குடியில் ஒரு மண்டபத்தில் விற்பனையாளர் திரையில் படம் காட்டினார். சாய்வு நாற்காலியில் அமர்ந்த ஒருவர் விரலால் தொடுகிறார். எங்கோ தண்ணீர் பாய்கிறது.

"இனிமே நீங்க வயலுக்கே போக வேணாங்க ஐயா" என்றார்.

வயலுக்குப் போவதை ஒரு துன்பமாக நான் அதுவரை எண்ணியதில்லை. ஆயினும் என் முழங்கால்கள் அவர் பக்கம் சேர்ந்துகொண்டன.

பதிவு செய்ய எண் கேட்டபோது, மஸ்கட்டில் செவிலியாகப் பணிபுரியும் என் மகளின் எண்ணைக் கொடுத்தேன். அங்கே போன பின்னும் அவள் ஊர் எண்ணை விடவில்லை. எங்கள் பக்கத்தில் எரிவாயு உருளைகூடப் படித்த பிள்ளையின் எண்ணில்தான் பதிவாகும். அது ஒரு பெருமை. பெட்டியைப் பொருத்தியவர்கள், மோட்டாரைக் கையால் இயக்கும் பழைய ஸ்டார்ட்டரை விலையில் கழித்துக்கொண்டு எடுத்துச் சென்றார்கள்.

இவ்வாண்டு குறுவைக்கு விதை விட்ட ஒன்பதாம் நாள். ஆற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. நாற்றங்கால் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. செயலியைத் திறந்தேன். அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, கடவு எண்ணை அனுப்பிவிட்டதாகக் கூறியது. எண் மஸ்கட்டுக்குப் போயிருந்தது. பணி நேரத்தில் மகளின் கைப்பேசி அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும்.

நிறுவனத்தை அழைத்தேன். என் அழைப்பு தங்களுக்கு மிக முக்கியமானது என்று ஒரு பதிவுக்குரல் திரும்பத் திரும்பத் தெரிவித்தது.

பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்பவர் வரப்பில் வந்து நின்றார்.

"என்ன பெரியப்பா, தண்ணி இன்னும் நெட்வொர்க்குலதான் வந்துகிட்டிருக்கா?"

"கொஞ்சம் பொறுப்பா."

"நான் பொறுப்பேன். நாத்து பொறுக்குமா? பெட்டியோட சீலை உடைச்சு மோட்டாருக்கு நேரா கரண்டைக் குடுத்துடுவோமா?"

காப்பு ஏதுமின்றி மும்முனை மின்சாரத்தை நேரே கொடுத்தால் மோட்டார் எரிந்துபோகக்கூடும். மோட்டாரும் போனால் நாற்றைக் காக்க வேறு வழி இராது. வேண்டாம் என்றேன். உச்சிவெயிலில், என் சொந்த மோட்டார் கொட்டகையின் வாசலில், உள்ளே போக முடிந்தும் வெளியே நிறுத்தப்பட்டவனாக நின்றேன். நாற்றின் நுனிகள் சுருளத் தொடங்கின.

பிற்பகலில் உணவு இடைவேளையில் மகள் அழைத்தாள். அவள் சொன்ன ஆறு இலக்கங்களையும் இட்டேன். மோட்டார் ஓடவில்லை. முடிவின்றி நீண்ட ஆங்கில நிபந்தனைகள் வந்தன. அடியில் ஒரே ஒரு பொத்தான். பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவன் நான். பத்திர மொழியை நானே படித்துத் தேறினேன். ஒரு வரியையேனும் வாசிக்காமல் விட்டு எதிலும் நான் ஒப்பமிட்டதில்லை.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"அதை யாருமே படிக்க மாட்டாங்கப்பா. அமுக்குங்க. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

அமுக்கினேன். தண்ணீர் வந்தது.

"எதுக்குப் பெரியப்பா சம்மதம் கேட்டுச்சு?" என்றார் பக்கத்து வயல்காரர்.

"தெரியலப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மேட்டுப் பகுதி நாற்று கருகியது, மற்றது பிழைத்தது. விற்பனைப் பேச்சில் பொருள் நமக்கு என்ன செய்யும் என்பதே வருகிறது. நம்மிடம் எதைக் கேட்கும் என்பது வருவதில்லை. கையால் இயக்கும் வேறு ஸ்டார்ட்டர் வாங்கினாலும் இந்தப் பெட்டியோடு பொருந்தாது என்கிறார்கள். ஆகவே விடிந்ததும் நாற்றைப் பார்க்குமுன் செயலியைத் திறந்து, இன்று புதிதாக ஏதும் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.