வெள்ளறடைப் பேருந்தில் ஆங்கில இலக்கணம்

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்குப் பாறசாலையில் பேருந்து ஏறினோம். எல்லாம் கெட்டது அந்த நிமிடத்தில்தான். எனக்கு அது தெரிய இன்னும் அரை மணி நேரம் ஆனது.

நெய்யாற்றின்கரை ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். அங்கே ஓர் ஆங்கில வகுப்பில் சேர, பத்து மணிக்கு இலக்கணத் தேர்வு. பிந்தினால் இடமில்லை. அந்த வகுப்பு கிடைக்காவிட்டால் என் மகள் ஜெனியின் வெளிநாட்டு நர்ஸ் வேலை கனவோடு சரி.

நிறுத்தத்தில் கொழுந்தன் மகள் அனிஷா ஸ்கூட்டரை நிறுத்தினாள். போன வருடமே அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டவள்.

“பெரியம்மா, ஜெனிய நான் கொண்டு விடட்டா?”

“வேண்டாம் மக்கா, பஸ்ஸு உண்டு.”

அனிஷாவிடம் இலக்கண விதி கேட்டால் ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் வாய் திறந்தால் பிழையே வராது. என் மகளுக்கு எல்லா விதியும் தெரியும், வாய்தான் திறக்காது. இதை எப்படிப் பொறுப்பது?

அனிஷா பார்க்கட்டும் என்று, வந்த முதல் பேருந்தில் ஏறினேன். நானும் ஜெனியும் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தமிழில் படித்தவர்கள். மலையாளம் பேசுவோம், பேருந்துப் பலகையை வாசிக்கத் தெரியாது. வழக்கமாக யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் ஏறுவோம். அவள் முன்னால் கேட்க மனம் வரவில்லை.

உதியன்குளங்கரையில் கூட்டம் நெருக்கியது. நான் கேள்வி கேட்டபடியே வந்தேன்.

“ஒருத்தி தினமும் போறான்னா? ‘ஷி கோ’வா, ‘ஷி கோஸ்’ஆ?”

“கோஸ். எம்மா, இத எத்தன தடவ கேப்பிய?”

கண்டக்டர் வந்தார். நெய்யாற்றின்கரைக்கு இரண்டு கேட்டேன்.

“அய்யோ சேச்சி, இது வெள்ளறடை வண்டியாக்கும். அமரவிளையில திரும்பியாச்சே!”

இறங்கிய இடத்தில் இருபுறமும் ரப்பர் மரங்கள், ஒரு பெட்டிக்கடை. “ஆட்டோக்காரன் கல்யாண ஓட்டம் போயிருக்கான். பஸ்ஸு இனி பத்து மணிக்கு,” என்றார் கடைக்காரர்.

ஜெனி என்னைக் கேட்காமலே அனிஷாவைப் போனில் அழைத்தாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னோடு அவள் அப்படிச் சிரித்து நாளாகிறது.

பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்கூட்டர் வந்தது. “கேறு பிள்ளே, சார்கிட்ட பேசியாச்சு, பத்தரை வரை நிப்பாரு,” என்றாள் அனிஷா. ஜெனி ஏறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வண்டியைத் திருப்பியவள் என்னைப் பார்த்தாள்.

“பெரியம்மா, நீங்க பஸ்ஸில வாங்க. யாருகிட்டயாவது கேட்டுட்டு ஏறுங்க, என்னா?”