கண் சிமிட்டிய உறை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் ரவிக்கைக்கு அளவு குறிக்கத்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள், முகம் தெரியாதவர்களிடம் கதை சொல்ல வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் அந்த மத்தியானத்து பயம் இன்னும் வயிற்றுக்குள் கிடக்கிறது. எழுதினால் கொஞ்சம் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

கடலூர் முதுநகரில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான். எங்களுக்கு ஒரே மகள். 2012-ல் அவள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். என் தங்கை எங்களோடு இருந்தாள். அவள் ஏன் எங்களோடு வந்துவிட்டாள் என்று சொல்ல 2004-க்குப் போக வேண்டும்.

அவளைக் கடலோரத்துத் தேவனாம்பட்டினத்தில் கொடுத்திருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தபோது அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் அங்கே இருந்தார். கடல் வருவதற்கு முன்னால் எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் சேதிகள் வர ஆரம்பித்தன. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. “பெரியாஸ்பத்திரில பாத்தேன்” என்றார் ஒருவர். ஓடினோம். அங்கே இல்லை. “கல்யாண மண்டபத்துல நெறைய பேர வச்சிருக்காங்க” என்றார்கள். அங்கேயும் ஓடினோம். “அடிபட்டவங்கள சிதம்பரத்துக்குக் கொண்டுபோறாங்களாம்” என்றார் வேறொருவர். கிடைத்த வண்டியில் ஏறி சிதம்பரம் போனோம். கடைசியில் அவர்கள் தெருவுக்குப் பின்னால், விழுந்த ஒரு சுவரைத் தூக்கியபோது அவர் கிடைத்தார். நாங்கள் ஊர் ஊராக ஓடியபோதெல்லாம் அவர் தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்திருக்கிறார். அந்தச் சுவரை நாங்கள் எத்தனையோ முறை தாண்டி ஓடியிருக்கிறோம். “கொண்டுபோறாங்களாம்” என்றவரிடம், நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதிலிருந்து தங்கை கடல் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மீன் வாங்குவதும் நான்தான்.

இனி செல்போனைப் பற்றிச் சொல்கிறேன். மகள் விடுதிக்குப் போனபோது, பழைய பட்டன் போன் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். தினமும் சாயங்காலம் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு ரிங் அடித்து நின்றால் ‘நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம். ஒரு நாள் கை வேகத்தில் எடுத்துவிட்டேன்.

“ஏம்மா எடுத்த? காசு போச்சு. எடுத்தது எடுத்துட்ட, எதனா பேசு.”

“சாப்ட்டியா?” என்றேன்.

“இதுக்கா ஒரு ரூவா!” என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

போனில் மேல் மூலையில் ஒரு தபால் உறை படம் உண்டு. “இந்த உறை கண்ணு சிமிட்டுச்சுன்னா மெசேஜுக்கு உள்ள எடம் இல்லன்னு அர்த்தம்மா. வேண்டாதத அழிச்சிடு. இல்லன்னா புதுசா எதுவும் உள்ள வராது” என்று சொல்லி, எந்தப் பட்டனை எப்படி அழுத்துவது என்று இரண்டு முறை காட்டியிருந்தாள். நான் தலையாட்டினேன். அழிக்கவில்லை.

அதற்குக் காரணம் என் தொழில். ரவிக்கை தைத்துக் கொடுக்கும்போது மீதித் துணியையும் சுருட்டி உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும். விரல் அகலத் துண்டாக இருந்தாலும் அது அவர்களுடையது. சிலர் அதை மறந்துவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் கழித்து வந்து, “யக்கா, அந்தப் பச்சத் துணி மீதி இருந்துச்சே” என்பார்கள். அதனால் நான் எதையும் எறிவதில்லை. தையல் மெஷினுக்குக் கீழே மூன்று பை நிறைய வெட்டுத் துணி இருக்கும். போனில் வருவதையும் அப்படித்தான் நினைத்தேன். ஒருவர் அனுப்பியதை நாம் எப்படி அழிப்பது? ராசிபலன், கிரிக்கெட், பாட்டு வைத்துக்கொள்ளச் சொல்லும் விளம்பரம் எல்லாமே உள்ளே கிடந்தன. உறை சில நாட்களாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

சித்திரை பிறக்க சில நாட்களே இருந்தன. புது ரவிக்கைக்குத் துணி குவிந்து கிடந்தது. மத்தியானம் ஒரு பச்சை ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கீழே குடியிருக்கும் மாமா படியேறி வந்தார். மூன்று மாதம் முன்னால் அடித்த புயலில் அவர் வீட்டு டிவி போய்விட்டது. அதிலிருந்து செய்தி பார்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

“பூமி ஆடுச்சாமே? மெட்ராஸ்ல எல்லாரும் தெருவுக்கு ஓடி வந்துட்டாங்களாம். டிவியப் போடும்மா.”

போட்டேன். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது. கடலுக்குள் பூகம்பம். கடலோர மாவட்டங்களுக்குச் சுனாமி எச்சரிக்கை. கையில் இருந்த ஊசி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. தங்கை அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

முந்தின நாள் என் மகள் பேசியிருந்தாள். “நாளைக்கு மத்தியானம் கிளாஸ் இல்லம்மா. எல்லாரும் பிச்சாவரம் போறோம், போட்டிங்.” எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணி பக்கம் எதுக்கு என்றேன். “அது கடல் இல்லம்மா, காடு” என்றாள். காட்டுக்கு அந்தப் பக்கம் கடல்தானே இருக்கிறது.

அவள் நம்பரை அழுத்தினேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் அதேதான். அதற்குள் என் போன் அடிக்க ஆரம்பித்தது. குறிஞ்சிப்பாடியில் இருக்கும் நாத்தனார். “அண்ணி, இன்னும் வீட்டுலயா இருக்கீங்க? கெளம்புங்க, கெளம்புங்க.” வைத்தால் வீட்டுக்காரர். ஆந்திரா பக்கம் எங்கோ டீக்கடையில் நின்று பேசினார். “பாப்பா எங்க? பேசினியா?” நான் இல்லை என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. பிறகு தையலுக்குக் கொடுத்தவர்கள், வீட்டுக்காரருடைய நண்பர்கள், யார் யாரோ. எனக்கு வேண்டிய அழைப்பைத் தவிர எல்லா அழைப்பும் வந்தது. ஒவ்வொன்றையும் அவளாக இருக்குமோ என்று எடுத்தேன். அப்படி எடுக்கும் நேரத்தில் அவள் கூப்பிட்டிருந்தால் எனக்கு வந்திருக்காது என்று அப்போது தோன்றவில்லை.

மாமா ரிமோட்டை விடவில்லை. ஒரு சேனலில் அலை கிளம்பிவிட்டது என்றார்கள். அடுத்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இன்னொன்றில் 2004-ல் எடுத்த படத்தையே போட்டார்கள். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, ஒரு எடத்துல நில்லுங்களேன். நீங்க மாத்துற வேகத்துல கடலுக்கே கொழப்பம் வந்துடும்” என்றாள் அந்த நிலையிலும்.

“நான் இன்னா பண்றது? ஆளுக்கு ஒண்ணு சொல்றான். எதுல ஜாஸ்தி உண்மை இருக்குன்னு பாக்குறேன்.”

அப்போது மின்சாரம் போனது. அந்த வருஷம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டிவி அணைந்ததும் தெருச் சத்தம் கேட்டது. ஜனங்கள் மூட்டையோடு கேப்பர் மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள். மாமா கீழே போய் தன் வீட்டாரைக் கிளப்பினார். “மாடிதான, நீங்க இங்கயே இருந்தாலும் தப்பில்ல. ஆனா எனக்கு மனசு கேக்கல, நாங்க போறோம். நீங்களும் வந்துடுங்க” என்று கீழேயிருந்து கத்தினார்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் குமராட்சியில் இருக்கும் சித்தி மகனிடமிருந்து அழைப்பு வந்தது. நான் பேசுவதற்கு முன்னால் அவனே பேசினான்.

“யக்கா, பாப்பா பிச்சாவரமா போயிருக்கு? நேத்து அம்மாகிட்ட சொன்னியாமே. இங்க மினி பஸ்ல பேசிக்கிறாங்க. அங்க தண்ணி ஏறிடுச்சாம். ஒரு போட் கவுந்துடுச்சாம்.”

பர்ஸை எடுத்தேன். செருப்பை மாட்டினேன். எந்தப் பஸ், எந்த வழி என்று எதுவும் யோசிக்கவில்லை. சிதம்பரம் போகும் சாலை கடலை ஒட்டித்தான் போகிறது என்பதும் நினைவில் இல்லை. தங்கை என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

“எல்லாரையும் சிதம்பரத்துக்குக் கொண்டுபோறாங்களாம்க்கா. நீ நேரா அங்க போயிடு.”

நான் படியில் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதே ஊர், அதே ‘கொண்டுபோறாங்களாம்’. தங்கையும் கேட்டிருப்பாள் போல. சேலையைப் பிடித்திருந்த கை இறுகியது.

“யாருடா பாத்தது?” என்றேன்.

“ஆங்?”

“போட் கவுந்தத யாரு பாத்தது? உங்கிட்ட சொன்னவங்க பாத்தாங்களா?”

“தெரியலக்கா. சொன்னாங்க.”

“பாத்தவங்க இருந்தா பேசு. இல்லன்னா இனிமே கூப்பிடாதடா, உனக்குப் புண்ணியமாப் போவும். என் லைன் சும்மா இருக்கணும்.”

அப்படி நான் யாரிடமும் பேசியதில்லை. திரும்ப வீட்டுக்குள் வந்தபோது மின்சாரமும் வந்தது. டிவி தானாக அலற ஆரம்பித்தது. பழைய அலை, பழைய ஓட்டம். நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

அதற்குப் பிறகு அடித்த போன்களை நான் எடுக்கவில்லை. பேரைப் பார்த்து, அவள் இல்லை என்றால் கட் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒருவரை அவமானப்படுத்துகிறோமே என்று கூசியது. வீட்டுக்காரர் பேர் வந்தபோது மட்டும் எடுத்து, “தெரிஞ்சதும் நானே பேசுறேன், வைங்க” என்றேன். போனைக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் மூலையில் அந்த உறை தெரிந்தது. சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு லைன் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வாள்? எழுதி அனுப்புவாள். அனுப்பினால் எங்கே வரும்? இங்கே இடம் இல்லை.

விரல் வழுக்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அவள் காட்டியது மறந்துபோயிருந்தது. இரண்டு முறை தப்பாக எங்கோ போய், அலாரம் வைக்கச் சொல்லிக் கேட்டது. பிறகு வழி பிடிபட்டது. முதலில் ராசிபலனை அழித்தேன். அழிக்கவா என்று போன் இங்கிலீஷில் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். உடனே ஒரு சத்தத்தோடு புதிதாக ஒன்று உள்ளே வந்தது. அவளேதான் என்று நினைத்தேன். திறந்தால், ‘கடலோர மக்களே உஷார், இதைப் பத்து பேருக்கு அனுப்பவும்’. உறை மறுபடி சிமிட்டியது.

அடுத்ததை அழித்தேன். வேறொரு உஷார் வந்தது. ஒன்றை எடுத்தால் வாசலில் காத்திருக்கும் இன்னொன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவளுடையது இந்தக் கூட்டத்தில் எத்தனையாவதாக நிற்கிறதோ! நிற்கிறதா என்பதே தெரியவில்லை. படித்துப் பார்ப்பதை விட்டேன். கிரிக்கெட், விளம்பரம், வீட்டுக்காரர் ‘லோடு ஏத்தியாச்சு’ என்று அனுப்பியவை, பொங்கல் வாழ்த்து எல்லாம் போயின. அடியில் ஒன்று இருந்தது. மகள் விடுதிக்குப் போன முதல் நாள் அனுப்பியது. ‘அம்மா அழுதுகிட்டே தைக்காத, கை பத்திரம்.’ அதை மட்டும் விட்டுவைக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த ஒரு இடத்துக்காக அவளே வெளியில் நின்றுகொண்டிருந்தால்? அதையும் அழித்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. உறை மறைந்திருந்தது. தங்கை என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அந்த அமைதியில் கடல் சத்தம் கேட்கிறதோ என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஒன்றுமே வராமல் போய்விடுமோ என்று நான் பயந்த பயத்துக்கு முன்னால், அதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

போன் அதிர்ந்தது. அவள் பேர்.

‘அம்மா நாங்க போட்ல ஏறவே இல்ல. தொறையிலயே திருப்பி அனுப்பிட்டாங்க. பஸ்ஸ புடிச்சி ஹாஸ்டல் வந்துட்டோம். லைன் கெடைக்கல. சித்திய பாத்துக்க. யார் இன்னா சொன்னாலும் நீ எங்கயும் ஓடாத.’

தங்கை அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு, 2004-ல் அழாத அழுகையை அழுதாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். கடல் வராது என்று அப்போதும் எங்களுக்குத் தெரியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இருட்டும் வரை மாடியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலை மகள் வகுப்புக்குப் போனாள். மாமா வீட்டார் மலையிலிருந்து திரும்பி வந்து வாசல் தெளித்தார்கள். பச்சை ரவிக்கைக்காரி வந்தாள். கொக்கி வைக்காமல் கிடந்ததால் சாயங்காலம் வரச் சொன்னேன்.