ஈயத் துண்டின் ஓரத்தில் இரண்டு கீற்றுகள்

பட்டைப் படம் பிடிக்கிறேன் என்றால் ஏதோ சேலைக்கடை விளம்பரம் என்று ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. நான் செய்தது வேறு. பட்டுப்புழுக் கூட்டிலிருந்து உருவிய இழைகளை நூற்றுக்கணக்கில் ஒரே வாக்காக அடுக்கிக் கட்டி, அதன்மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, கதிர் சிதறி விழுகிற கோலத்தைப் பிலிமில் பிடிப்பேன். ஒரு படத்துக்கு இரண்டு முழு நாள். நேராக வரும் கதிர் பிலிமைக் கருக்கிவிடாமலிருக்க நடுவில் ஓர் ஈயத் துண்டு. அறுபதுகளின் தொடக்கம் அது. டாக்டர் பட்டத்துக்கு என்னிடம் அந்தப் பட்டைத் தவிர வேறு சரக்கு இல்லை.

ஒரு பிலிமில் ஈயத்தின் நிழலை ஒட்டி, மேலும் கீழுமாக இரண்டு மங்கலான கீற்றுகள் தெரிந்தன. இழைக்குள் அதுவரை யாரும் காணாத பெரிய ஒழுங்கு ஒன்று இருந்தால்தான் அவ்வளவு நடுவில் விழும். அதே அறையில் ஆராய்ச்சி செய்த, இரண்டு வருடம் மூத்தவரிடம் ஓடினேன். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். என் டிபன் டப்பாவில் பாதி அவருக்குத்தான்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது கதிர் நுழையுற ஸ்லிட்டோட கோளாறும்மா. பட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சும்மா பேஜார் பண்ணிக்காத, கடாசிடு."

இழைக்கட்டைக் குறுக்காகத் திருப்பி இன்னொரு படம் எடுத்தால் போதும். கீற்றும் கூடவே திரும்பினால் அது பட்டினுடையது, திரும்பாவிட்டால் கருவியினுடையது. எனக்கு அது தெரியாதா என்ன? அண்ணா சொன்ன பிறகும் சோதித்தால் அவரைச் சந்தேகித்த மாதிரி ஆகிவிடுமே என்று மரியாதை பார்த்தேன், மடச்சி. பிலிமைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, நூலகத்துக்குப் புதிதாக வந்த ஆய்விதழில் அவர் பெயரில் ஒரு கட்டுரை. அதில் பக்கத்துப் பக்கமாக இரண்டு படங்கள். ஒன்று நான் எறிந்தது. எந்தப் பக்கம் மேல் என்று தெரிவதற்காக எல்லோரும் பிலிமின் வலது மூலையைக் கத்தரிப்பார்கள்; இடதுகைக்காரியான நான் மட்டும் இடது மூலையை. அச்சான படத்திலும் இடது மூலைதான் வெட்டுப்பட்டிருந்தது. மற்றதில் கட்டு திருப்பி வைக்கப்பட்டிருந்தது, கீற்றுகளும் திரும்பியிருந்தன. கடைசியில், இழை அடுக்கிக் கொடுத்ததற்காக எனக்கு ஒரு வரி நன்றி.

நேரே போய்க் கேட்டேன். "நீதானேம்மா தூக்கிப் போட்ட?" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

பேராசிரியரிடம் முறையிட்டேன். நான் சொன்னதை அவர் நம்பினார். அதுதான் இன்னும் கொடுமை. "அச்சாகிப் போச்சேம்மா. இனிமே அவன் பேரைப் போடாம உன் தீசிஸை அனுப்ப முடியாது" என்றார். மூன்றாம் அத்தியாயத்தில், இக்கீற்றுகளை முதலில் கண்டவர் இன்னார் என்று அண்ணாவின் பெயரை நானே டைப் அடித்தேன்.