உள்ளே வராதவர்

எங்கள் சபைக்கு வெளியே, சாலையோரமாக ஒரு புங்கமரம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் நிழலில் சில ஆண்களைப் பார்க்கலாம். அவர்கள் ஆராதனைக்கு வந்தவர்கள் அல்ல, ஆராதனைக்கு வந்த பெண்களின் கணவன்மார்கள். மனைவியை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முடியும்வரை அங்கேயே காத்திருப்பார்கள். பேப்பர் படிப்பார்கள், எதிர்க்கடையில் டீ குடிப்பார்கள், மழையைப் பற்றியும் மாங்காயைப் பற்றியும் பேசுவார்கள். உள்ளே வரச் சொன்னால் மட்டும் ஆளுக்கொரு காரணம் வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் மிகப் பழைய ஆள் என் வீட்டுக்காரர். வேரோரம் கிடந்த பட்டைக்கல்லை அவருக்கென்றே மற்றவர்கள் விட்டுவைத்திருந்தார்கள்.

பாஸ்டர் வாராவாரம் வாசலுக்கு வந்து கூப்பிடுவார். உள்ளே வாருங்கள் அண்ணா, ஃபேன் இருக்கிறது என்பார். "இருக்கட்டுங்க, இங்கியே நல்லா காத்து வருது" என்பார் இவர். ஒரு இலைகூட அசையாத சித்திரை மாதத்திலும் இதே பதில்தான். காற்றாவது மண்ணாவது, வெறும் சாக்கு என்று எனக்குத் தெரியும். பாஸ்டருக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லி முடிப்பார்கள்.

நான் பிறவியில் கிறிஸ்தவள் இல்லை. பென்னாகரம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அடிக்கடி வலிப்பு வரும். உடன் வேலை செய்த ஒரு டீச்சர் இந்தச் சபைக்குக் கூட்டிவந்தார். மருந்தும் கொடுத்தோம், ஜெபமும் செய்தோம், குழந்தை தேறியது. நான் இங்கேயே தங்கிவிட்டேன். வீட்டில் பெரிய சண்டை வரும் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புள்ள பொழச்சுது. நீ யாருக்கு நன்றி சொல்லணுமோ சொல்லு. நான் எங்க கொலசாமிக்குச் சொல்லிக்கறேன்" என்றார். அடுத்த ஞாயிறு மொபெட்டைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

அழுகிற குழந்தைகளோடு வெளியே நிற்கும் தாய்மார்களுக்குக் கேட்கட்டும் என்று சபை வாசலில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தார்கள். அதன் முழுப் பலனையும் அனுபவித்தவர்கள் மரத்தடிக்காரர்கள்தான். எங்கள் பாட்டுகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது முணுமுணுப்பார். நான் பார்த்துவிட்டால் சட்டென்று வேறு பாட்டுக்கு மாறிவிடுவார்.

ஆராதனையின் கடைசியில் ஜெபக்குறிப்பு சொல்லும் நேரம். நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் என்று பாஸ்டர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்தந்தக் குறை உள்ளவர்கள் எழுந்து நிற்பார்கள். "இரட்சிக்கப்படாத குடும்பத்தார்" என்றதும் நான் எழுவேன். மைக் கைக்கு வரும். என் வீட்டுக்காரர் இரட்சிக்கப்பட ஜெபியுங்கள் என்பேன். அது பெட்டி வழியாக வெளியே போய், கல்லில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும் அதே வீட்டுக்காரரின் காதில் விழும். நான் வந்து வண்டியில் ஏறும்போது "கேட்டுச்சு" என்பார். கோபமும் இல்லை, சம்மதமும் இல்லை. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

கொரோனா அடங்கிய பிறகு ஒரு வருஷம், பெங்களூரில் இறையியல் படித்த ஒரு இளைஞரைப் பிரசங்கத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். அவர் சொன்னது எங்கள் சபை அதுவரை கேட்காத ஒன்று. கடைசியில் ஒருவர்கூட விடுபட்டுப் போகமாட்டார்கள் என்றார். நரகம் இருந்தாலும் அது சுத்திகரிக்கிற நெருப்புதான், அதற்கும் ஒரு முடிவு உண்டு என்றார். ஆதாம் ஒருவனால் எல்லோருக்கும் சாவு வந்தது என்று நம்புகிறோம், கிறிஸ்து ஒருவரால் எல்லோருக்கும் உயிர் வரும் என்று சொன்னால் மட்டும் அந்த ‘எல்லோரும்’ ஏன் சுருங்கிவிடுகிறது என்று கேட்டார். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. புடவைத் தலைப்பு நனைந்துவிட்டது.

என் பக்கத்தில் இருந்த பெண் அழவில்லை. அவள் முகம் இறுகியிருந்தது. ஞானஸ்நானம் எடுத்ததற்காகப் பிறந்த வீட்டாரால் ஒதுக்கப்பட்டவள் அவள். பெற்ற அம்மாவின் சாவுக்குக்கூட அவளைச் சேர்க்கவில்லை. எல்லோரும் எப்படியும் போய்ச் சேருவார்கள் என்றால் நான் எதற்காக அத்தனையையும் விட்டு வந்தேன் என்று என்னிடம் கேட்டாள். என் சந்தோஷம் அவள் பக்கத்தில் கொஞ்சம் கூசியது.

வீடு திரும்பும்போது என் வீட்டுக்காரர் இறக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்னு சொல்றாரு."

"அவனுமா?"

எவன் என்று நான் கேட்கவில்லை. அவருடைய பெரியப்பா மகன். வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று எத்தனையோ வருஷம். எதிரே வந்தால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், ஒருவர் வானத்தைப் பார்ப்பார்.

"அவன் வர்ற எடத்துக்கு நான் வரமாட்டேன். வாசல்லயே நின்னுக்கறேன். நீ போயிட்டு வா" என்றார்.

நான் அவர் முதுகில் ஒன்று வைத்தேன். என் நாத்தனாரும் வருவாளே, நான் பொறுத்துக்கொள்ளவில்லையா என்றேன். வண்டி ஆடும் அளவுக்குச் சிரித்தார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு மட்டும்தான் காதில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் அந்தப் போதனைக்கு மறுப்புச் சொன்னார். இளைஞர் அன்பைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் நியாயத்தீர்ப்பு என்று ஒன்று உண்டு என்றார். மேய்ப்பன் செம்மறிகளை வலது பக்கமும் வெள்ளாடுகளை இடது பக்கமும் பிரிக்கும் பகுதியை வாசித்தார். ஒரு டீச்சராக எனக்கு ஒன்று உறுத்தியது. நிறுத்தி நிதானமாக வாசிக்கிற மனிதர், இடது பக்கத்தார் போகும் இடத்தைச் சொல்லும் கடைசி வரியை மட்டும் விழுங்கிவிட்டுப் போனார். வெளியே வந்தால் இவர் கொதித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இருப்பது முழுக்க வெள்ளாடு. "ஒரு செம்மறி கெணத்துல வுழுந்தா பின்னாடியே பூராவும் வுழும். வெள்ளாடு நின்னு யோசிக்கும். அதப் போயி தள்ளி நிறுத்தறாரு" என்றார். பாஸ்டரிடமே கேட்கப் போகிறேன் என்று கிளம்பியவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

கேட்க விட்டிருக்கலாம். மறுவருஷம் ஐப்பசியில், காலையில் மோட்டார் போடப் போனவர் கிணற்று மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்தோம். எல்லாம் அவர்கள் முறைப்படிதான் நடந்தது. நான் அதை மாற்றச் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரே மகள். குடம் தூக்கப் பங்காளிதான் வரவேண்டும். பேச்சு விட்டுப்போனாலும் தீட்டு விட்டுப்போவதில்லை. அந்தப் பெரியப்பா மகன் மொட்டை அடித்துக்கொண்டு வந்து, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வந்தார். குடத்தைப் போட்டு உடைத்ததும் அங்கேயே குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பாஸ்டரும் சபையார் சிலரும் வந்திருந்தார்கள். கிட்டத்தில் வரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எல்லாம் முடியும்வரை மாமரத்தடியிலேயே நின்றார்கள்.

துக்கத்துக்குப் பிறகு முதல் ஞாயிறு, மகள் பஸ்ஸில் கூட்டிவந்தாள். ஜெபக்குறிப்பு நேரத்தில் "இரட்சிக்கப்படாத குடும்பத்தார்" என்ற சத்தம் கேட்டதும் என் கால் தானாக எழுந்துவிட்டது. மைக் வைத்திருந்த பெண் திகைத்து நின்றாள். இறந்தவர்களுக்காக எங்கள் சபையில் ஜெபிப்பதில்லை. மூச்சு நின்றதும் கணக்கு முடிந்தது என்பதுதான் போதனை. யாரோ என் புடவையை மெல்ல இழுத்து உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து "விதவைகளுக்காக" என்றார் பாஸ்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை வருஷமாக அவருக்காகக் கேட்டோமே, அந்த ஜெபமெல்லாம் எங்கே போயிற்று? பதில் வராத விண்ணப்பத்தை இப்படிச் சத்தமில்லாமல் மூடிவிடுவார்களா?

அந்த இளைஞரின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். அவரை அதற்குப் பிறகு எங்கள் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. கவலைப்படாதீர்கள் அக்கா, எல்லோரும்தான் என்றார். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு வீடு அப்படியே இருந்தது. எனக்கு எல்லோரும் வேண்டாம், ஒருவர் போதும். சட்டையில் மாம்பால் கறையோடு, இரண்டு நாள் தாடியோடு அவர் மறுபடி என் எதிரே வந்து நிற்பாரா, மாட்டாரா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

ஒரு வேலைநாளில் பாஸ்டர் வீட்டுக்கே போனேன். ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்துவைத்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். தன் அப்பா பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் பூசாரியாக இருந்தவர் என்றார். அது எனக்குத் தெரியாது. மகன் கிறிஸ்தவன் ஆனபோதும் அவர் வீட்டைவிட்டுத் துரத்தவில்லையாம், சாகும்வரை சோறு போட்டாராம்.

"கடைசியா கூப்புட்டு என் நெத்தியில விபூதி வெச்சாருங்க. நான் அவரு கண்ணு முன்னாடியே தொடச்சிட்டேன்" என்றார்.

உள்ளே அவர் மனைவி டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

"எங்கப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியலைங்க டீச்சரம்மா. தெரிஞ்ச மாதிரிதான் பிரசங்கம் பண்றேன்."

அவர்மேல் வைத்திருந்த கோபத்தை அதற்குமேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஆண்டவர் சேர்த்துக்கொள்வார், அவர் மனசு பெரியது. ஆனால் என் வீட்டுக்காரர் உள்ளே போவாரா? அங்கேயும் யாராவது வாசலுக்கு வந்து கூப்பிடுவார்கள். பங்காளி உள்ளே இருக்கிறாரா என்று இவர் எட்டிப் பார்ப்பார். இருக்கட்டுங்க, இங்கேயே காற்று வருகிறது என்பார். இவர் பிடிவாதம் எனக்குத் தெரியும். குடம் தூக்கியது யார் என்று அவருக்குத் தெரியவந்தால் மனசு மாறலாம். அதை அவரிடம் யார் சொல்வார்கள்? அந்தப் பங்காளியும் நன்றாக இருக்கட்டும், அவரும் ஒருநாள் அங்கே வந்து சேரட்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். என் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு அந்த நேரம் வந்தபோது தெரிந்தேதான் எழுந்து நின்றேன். மைக்கை நானே கை நீட்டி வாங்கினேன்.

"என் வூட்டுக்காரருக்காக ஜெபிச்சுக்குங்க" என்றேன்.

இந்த முறை யாரும் புடவையை இழுக்கவில்லை. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நோயாளிகளுக்காக ஜெபித்தார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார். என் முறை வந்ததும் குரல் நின்றுவிட்டது. பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் தணிந்த குரலில் மறுபடியும், "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்றார். இரண்டாவது யாருக்காக என்று அந்தக் கூட்டத்தில் எனக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கால் பழக்கத்தில் மரத்தடிக்குப் போயிற்று. அங்கே நின்றவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. "கேட்டுச்சு" என்று ஒரு குரல் வரவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஏக்கமாக இருந்தது. அவரோடு டீ குடிக்கும் ஒருவர் துண்டால் அந்தப் பட்டைக்கல்லைத் தட்டிவிட்டு, உட்காருங்க டீச்சர் என்று நகர்ந்து நின்றார்.

உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கல்லில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. அங்கிருந்து பார்த்தால் சபையின் கதவு நேராகத் தெரிகிறது. யார் வெளியே வந்தாலும் முதலில் கண்ணில் படுவார்கள். அவர் பரலோகத்திலும் வாசலில்தான் நிற்பார் என்றால் நிற்கட்டும். நான் உள்ளே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று நினைத்தேன்.

அப்போது காற்று வந்தது. சபைச் சுவருக்கும் டீக்கடைக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக வந்து, சரியாக அந்தக் கல்லின் மேல்தான் அடித்தது. அவர் சொன்னது சாக்கு இல்லை.