தனபால் அண்ணன் ரிஜெக்ட் செய்யப் பார்த்த கேமரா

தனபால் அண்ணன் போய்விட்டார். காலையில் கோலார் தங்கவயல் பாலகாட் பகுதியிலிருந்து போன்... தூக்கத்திலேயே, சிரமப்படாமல்.

அங்கே கேஜிஎஃப் ஃபாக்டரியில், இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில், எனக்குப் பக்கத்து மேசை. டீ வந்தால்கூட முதலில் டம்ளர் விளிம்பைத்தான் பார்ப்பார்.

மைன்ஸ் மூடுவதற்கு முந்தைய வருஷம். வெல்டிங் விரிசல்களைப் படமெடுக்க டிஜிட்டல் கேமரா வேண்டும் என்று மேனேஜரை மாதக்கணக்கில் நச்சரித்தார்.

"வாங்கலாம்யா. படம் தெளிவா இல்லன்னா, அப்புறம் கேமரான்னு நீ வாயே திறக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

ஃபாக்டரியில் மெஷின் அதிரும். எனவே அமைதியான இடம் வேண்டும் என்று தன் வீட்டு ஹாலிலேயே ஸ்டாண்ட் போட்டார். கேமரா விற்பவர் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வந்தார். உதவிக்கு நானும் போயிருந்தேன்.

வெள்ளைத் தாள்மேல் ஒரு கறுப்புத் தாள். அதன் ஓரத்தைப் படமெடுத்து, வெள்ளை எவ்வளவு சீக்கிரம் கறுப்பாகிறது என்று புள்ளி புள்ளியாக அண்ணன் கிராஃப் போடுவார்.

"கோடு சுரங்க ஷாஃப்ட் மாதிரி நேரா எறங்கணும். சயனைட் மேடு மாதிரி சறுக்கிச்சின்னா கேமரா வேஸ்ட்." தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குன்றுகளைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம்.

மங்கல் வெளிச்சம். கேமரா நிதானமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தது. விற்பவர் திடீரென மேசைக்கு அடியில் பாய்ந்தார்.

"இன்னா சார், லென்ஸ் மூடி வுழுந்துச்சா?" அண்ணனும் குனிந்து தேடினார்.

கிராஃப் போட்டால்... அசல் சயனைட் மேடு. அண்ணன் முகம் தொங்கிவிட்டது. மேனேஜரிடம் இனி வாயைத் திறக்க முடியாது.

"சார், அப்போ பூமி ஆடிச்சே!" என்றார் விற்பவர்.

"எப்போ?" என்றோம் இருவரும். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டோம்.

அடுப்படியிலிருந்து அண்ணி: "ராக் பர்ஸ்ட்டுங்க. டம்ளர்கூட உருண்டுச்சு. இதெல்லாம் இன்னாத்துக்கு சொல்லிக்கினுன்னு எடுத்து வச்சிட்டேன்."

சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீடு ஆடும். எங்கள் ஊரில் அது விருந்தாளிக்கு மட்டும்தான் தெரியும்.

மறுபடி எடுத்தோம். கோடு ஷாஃப்ட் மாதிரியே இறங்கியது. கேமரா பாஸ், அண்ணனும் பாஸ். விற்பவர் மட்டும் டீகூடக் குடிக்காமல் ரயிலுக்கு ஓடினார்.

கலங்கிப்போன அந்த முதல் படத்தை, ரிட்டயர் ஆகும்வரை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை... யார் கேட்டாலும், "நம்ம ஊரு போட்டோ" என்பார்.

போயிட்டு வாங்கண்ணே. அங்கயாவது ஆடாத எடமா பாத்து ஸ்டாண்ட் போடுங்க.